லாபம் கணக்கில் இல்லை

மீன்கொத்தியின் மூக்கு ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தது. ஒரு கட்டம் என்பது முக்கால் மில்லிமீட்டர். நாங்கள் இந்த மலையை விட்டு இறங்குவதா, இங்கேயே கிடப்பதா என்ற முடிவு அந்த முக்கால் மில்லிமீட்டரில் வந்து நின்றது. எனக்கு எழுபத்து நான்கு வயது. இறங்கிவிட வேண்டும் என்று விரும்பியவன் நான். இருக்க வேண்டும் என்று விரும்பியவள் என் மனைவி. மூக்கு ஏன் தள்ளிப் போனது என்று கண்டுபிடித்தவனும் நான்தான். கண்டுபிடித்து ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நாளை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாழவந்தி நாட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. எண்ணுவது முதலில் தொழிலாக இருந்தது, பிறகு பழக்கமானது, இப்போது தீராத நோய் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. மழைக்காலத்தில் வழுக்குகிற இடங்களைச் சுற்றிக்கொண்டு போனால் அறுநூற்று நாற்பது. காலையில் நான்கு மாத்திரை, இரவில் மூன்று. மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. போன வருடம் நெஞ்சு வலிக்கிறது என்று ஆம்புலன்ஸில் இறக்கினார்கள். படுத்துக்கொண்டே வளைவுகளை எண்ணினேன். நாற்பத்து மூன்றாவதில் வாந்தி வந்து எண்ணிக்கை விட்டுப் போனது. கீழே போய்ப் பார்த்தால் அது வெறும் வாயு என்றார்கள். ஆனாலும் மீதி இருபத்தேழு வளைவுகளை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த முறை வாயுவாக இல்லாமல் இருந்தால் என்ற பயம் அன்றைக்குப் பிடித்ததுதான்.

அந்தப் பயத்தை மகனிடம் சொன்னேன். அவன் நாமக்கல்லில் இருக்கிறான். தன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, தரைத்தளத்தில், வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டுப் போன் செய்தான்.

"ஊட்டுக்காரரு மாசக் கடைசி வரைக்குந்தான் நிறுத்தி வெப்பேங்கறாருங்கப்பா."

"பாத்ரூமுக்கு எத்தன படி?"

"ஒரு படிகூட இல்லீங்க. தரையோட தரை."

"ஆஸ்பத்திரி?"

"நீங்க ஆட்டோவுல உக்காந்து எண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துருமுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலேயே கேட்டாள். "அந்த ஊட்டுல கெழக்க பாத்து ஜன்னல் இருக்குதா கண்ணு? அங்க நான் கண்ணாடி உருக்கினா உடுவாங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று அவன் போனை வைத்தான்.

அவளுடைய வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அவள் கண்ணாடித் துணுக்குகளில் நகை செய்கிறாள். எட்டு வருடத்துக்கு முன் மருமகளின் போனில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் செய்வதைப் பார்த்து ஆரம்பித்தது. அதற்கு மைக்ரோ மொசைக் என்று பெயர். தரையில் சில்லுச் சில்லாகப் பதித்துப் பூ வரைவார்களே, அதேதான். ஆனால் கட்டைவிரல் நகத்துக்குள் முந்நூறு சில்லு பதிக்க வேண்டும். மூலப்பொருள் உடைந்த கண்ணாடி வளையல். சந்தைக்கு வாராவாரம் அடிவாரத்திலிருந்து வளையல் கொண்டுவரும் பாய், உடைந்ததையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு எங்களுக்குக் கொடுத்துவிடுவார். அவள் அவற்றை நிறம் பிரித்து, பற்றவைக்கிற கேஸ் குழாயின் நெருப்பில் காட்டுவாள். கண்ணாடி வெல்லப்பாகு மாதிரி இளகும். இடுக்கியால் கவ்வி இழுத்தால் இழை வரும். ஈர்க்குச்சியை நான்காக வகுந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு கனம். இரண்டு நிறத்தைச் சேர்த்து இழுத்தால் மூன்றாவது நிறம் கிடைக்கும். சில நிறங்கள் ஒத்துப்போகாது. கரும்பச்சையும் வெள்ளையும் சேர்ந்தால் ஆறும்போது டிக்கென்று பிளந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்கு அவள், "பங்காளிங்க" என்பாள்.

இழை ஆறியதும் மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கி, பித்தளைத் தட்டில் சுண்ணாம்பும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்துத் தடவிய மாவில் ஒவ்வொன்றாக நிறுத்தி நடவேண்டும். மேல்முனை மட்டும் தெரியும். மாவை அன்றன்றைக்கு நடுகிற இடத்தில்தான் தடவுவாள். ஒரு வாரம், பத்து நாள் வரை ஊசியால் நெம்பினால் துண்டு வந்துவிடும். அதற்குப் பிறகு கல்.

அந்தத் துண்டுகளுக்கு அவள் வைத்த பெயர் நொய். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், உடைந்த அரிசி மாதிரி. வானத்து நொய், சிவப்பு நொய், காப்பி நொய் என்று மூடி மூடியாகப் பிரித்து வைத்திருப்பாள். வேறு பெயர் வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

பாயின் மகள் ஒரு டாலர் கேட்டிருந்தாள். வெள்ளைக் கழுத்தும் சிவப்பு மூக்கும் நீல இறக்கையுமாக ஒரு மீன்கொத்தி. நான் கிராப் தாளில் வரைந்து கொடுத்தேன். அகலத்தில் முப்பத்திரண்டு கட்டம், உயரத்தில் நாற்பது வரிசை. ஆயிரத்து இருநூற்று எண்பது நொய். இதில் என் பங்கு படம் வரைவதும் மாவு குழைப்பதும்தான். மாவை முந்நூறு தடவை கிண்டுவேன்.

மகன் போனை வைத்த பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தப் பட்சிய முடிக்கறேன். கோணாம வந்துச்சுன்னா எங்கண்ணுல இன்னும் வேல இருக்குதுன்னு அர்த்தம். நாம இங்கியே இருக்கறோம். கோணிப்போச்சுன்னா நானே பொட்டி கட்டறேனுங்க. அதுவரைக்கும் அப்பனும் மவனும் இதப்பத்திப் பேசப்படாது."

"மாசக் கடைசிக்குள்ள முடியுமா?"

"நீங்கதான கணக்கு. பாத்துக்குங்க."

பார்த்தேன். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு ஏற்ற வெளிச்சம் கிழக்கு ஜன்னலில் ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரைதான். அதற்குள் இரண்டு வரிசை நடலாம். மூட்டம் போட்ட நாளில் அதுவும் இல்லை. இடது கண்ணில் அவளுக்குப் போன வருடம் புரை நீக்கியிருந்தார்கள். வலது கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெடுவுக்குள் முடியும். ஆனால் இழுபறியாகத்தான் முடியும்.

போன் வந்த அன்றே எட்டு வரிசை முடிந்திருந்தது. பன்னிரண்டு வரை அவளே படத்தைப் பார்த்துப் பார்த்து நட்டாள். வானம், பிறகு பட்சியின் காப்பி நிற மண்டை. கட்டத்தாளைப் பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடிக்குள் பார்ப்பது, மறுபடி தாளைப் பார்ப்பது என்று தலை ஆடியதில் அறுவை செய்த கண்ணில் நீர் வழிந்தது. நான்தான் ஒரு யோசனை சொன்னேன். தாளை நான் படிக்கிறேன், நீ தட்டை மட்டும் பார். வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி பதிமூன்றாவது வரிசையைச் சொன்னேன். "வானம் பதினொன்று. காப்பி ஏழு. சிவப்பு ஆறு. வானம் எட்டு." மூக்கு தொடங்குகிற வரிசை. அவள் உதட்டுக்குள் முணுமுணுத்தபடி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து நட்டாள். கடைசியில், "எடம் பத்தலீங்க" என்றாள்.

"என்ன பத்தல?"

"கடசி நொய்க்கு எடமில்ல. நெருக்கி நடாம அகட்டி நட்டுட்டனாட்ட இருக்குது."

ஒரு வானம்தானே, விட்டுவிடு என்றேன். அடுத்த வரிசையிலும் அதேபோல் கடைசி நொய்க்கு இடமில்லை. அதற்கடுத்த வரிசையிலும். மறுநாள் பதினாறாவது வரிசை முடிந்ததும் அவள் பூதக்கண்ணாடியைத் தட்டுக்கு நேராக இழுத்துவைத்து வெகுநேரம் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நெற்றி ஒரு பக்கம் இருந்தது. மூக்கு அதற்குப் பொருந்தாமல் ஒரு கட்டம் வலப்புறம் தள்ளியிருந்தது. யாரோ பட்சியின் பிடரியில் அறைந்தது மாதிரி.

"கோணிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவள் போன பிறகு நான் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதிமூன்றாவது வரிசையில் முதல் வானம் பதினொன்று இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது. மற்ற மூன்று வரிசையிலும் முதல் நிறம் மட்டும் ஒன்று கூடுதல். கடைசியில் விட்டுப்போன ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் சரி. அகட்டி நட்டிருந்தால் எல்லா இடத்திலும் பிசகியிருக்கும். வரிசைக்கு ஒன்று, அதுவும் தொடக்கத்தில் மட்டும் என்றால் அது கண்ணின் பிழை இல்லை. எண்ணிக்கையின் பிழை.

மறுநாள் பதினேழாவது வரிசையின்போது என் நாற்காலியை அவளுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "வானம் பத்து" என்றேன். அவளுடைய முணுமுணுப்பு காதில் விழுந்தது.

"லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு."

இந்தப் பக்கத்தில் தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள். பிறகு இரண்டு, மூன்று என்று போகும். லாபம் என்பது ஒன்றுக்கு வைத்த மங்கலப் பெயர், அவ்வளவுதான். பாய்கூட வளையலை டஜன் போடும்போது, "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். பன்னிரண்டு சரியாக இருக்கும். என் மனைவி லாபம் சொல்லி ஒரு நொய்யை நட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினாள். நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் இப்படி எண்ணுவாள் என்று எனக்குத் தெரியாது. அரிசி அளப்பது அவள் வேலை, சத்தமாக அளக்க மாட்டாள். இந்தத் துண்டுக்கு நொய் என்று பெயர் வைத்ததால், வாய் தானாக அந்தப் பழைய எண்ணிக்கைக்குப் போயிருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "இந்த வரிசையிலயும் பத்தலீங்க" என்று அவள் சொன்னபோது அந்த இருபத்தேழு வளைவுகள் நினைவுக்கு வந்துவிட்டன. பதினெட்டாவது வரிசையைப் படித்தேன்.

அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. கண் எப்படியும் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் போகத்தான் போகிறது என்று ஒரு நாள். நான் பொய் சொல்லவில்லையே, படித்துத்தானே கொடுக்கிறேன் என்று ஒரு நாள். பத்து நாள் தாண்டினால் மாவு இறுகிவிடும், பிறகு சொல்லியும் பயனில்லை என்று நான்காம் நாள் நினைத்தேன். அதை நினைத்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வெட்கமான இடம்.

நடுவில் சந்தை வந்தது. பாயின் கடையில் டப்பா வாங்கப் போனேன். வளையல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே. நம்ம பட்சி எதுவரைக்கும் வந்திருக்குது?"

"கழுத்து வரைக்கும்."

"உங்க மூஞ்சியப் பாத்தா அத நீங்க வறுத்துத் தின்னுட்டாப்புல இருக்குதே."

"கொஞ்சம் கோணலா வருது பாய். அவளுக்குக் கண்ணு..."

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா கையி கோணுமா? நான் முப்பது வருசமா வளையல் போட்டு உடறவன். ஒரு கையத் தொட்டா எனக்குத் தெரியும். நீங்க மாவ ஒழுங்காக் கிண்டறீங்களா, அதச் சொல்லுங்க."

"முந்நூறு தடவ கிண்டறேன்."

"நாளைக்கு முந்நூத்தி ஒண்ணு கிண்டுங்க" என்று சிரித்துவிட்டு, டப்பாவோடு ஒரு கொத்து மயில்கழுத்து நிற வளையலையும் வைத்தார். உடையாத வளையல். "எறக்கைக்கு இருக்கட்டும்."

நான் அதை வாங்கிக்கொண்டு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்து வந்தேன்.

வீட்டில் அவள் மாறிக்கொண்டிருந்தாள். முதலில் நான் கவனிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். எட்டு வருடமாக முடியளவு கண்ணாடியை நறுக்குகிறவள். பஸ்ஸின் பலகையைப் படித்துச் சொல்லச் சொன்னாள். படியிறங்கும்போது சுவரைப் பிடித்தாள். அவளுக்குக் கண் தெரியாமல் போய்விடவில்லை. தெரியவில்லை என்று முடிவு செய்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. விழுந்தால் இரண்டும் ஒன்றுதான்.

இருபத்தாறாவது வரிசை முடிந்த அன்று மதியச் சமையலுக்கு முறத்தில் அரிசியைக் கொட்டி என் முன்னால் வைத்தாள்.

"சித்த கல்லுப் பாத்துக் குடுங்க. எனக்குத் தெரியலீங்க."

நான் பொறுக்கினேன். நான்கு கல். நான்கையும் கட்டைவிரலால் ஓரமாக ஒதுக்கி அவளிடம் காட்டினேன். சாப்பிடும்போது ஐந்தாவது கல் என் பல்லில் கடிபட்டது. ஆறாவது அவளுக்கு. அவள் அதைத் துப்பித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "நாளையிலிருந்து பாக்கெட்டு அரிசி வாங்கிக்கலாமுங்க. நாமக்கல்லு போனா அதுதான கெடைக்கும். இப்பவே பழகிக்கலாம்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"உங்கண்ணுல ஒண்ணுமில்ல" என்றேன்.

"என்னுங்க?"

"பட்சி கோணினது கண்ணால இல்ல. நீ வரிசைக்கு ஒரு நொய் கூட வெக்கற."

"நான் எங்கீங்க கூட வெச்சேன்? நீங்க பதினொண்ணுன்னா பதினொண்ணு வெச்சேன்."

"எண்ணிக் காட்டு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முறத்தில் மிச்சமிருந்த அரிசியில் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். "லாபம். ஒண்ணு. ரெண்டு." பதினொன்று வரை வந்து நிறுத்தினாள். "எண்ணிக்குங்க."

எண்ணினேன். "பன்னிரண்டு."

"லாபத்தையும் சேத்து எண்ணிப்போட்டீங்க" என்றாள், என் தவறைத் திருத்துகிற குரலில்.

"லாபத்த எண்ணாம?"

"லாபத்த யாருங்க எண்ணுவாங்க? அது சாமிக்கு. எங்கப்பன் களத்துல மொதப் படி கோயில் குண்டானுக்குப் போவும். அதுக்கப்புறந்தான் ஒண்ணு."

"ஊரே லாபம், ரெண்டு, மூணுன்னுதான எண்ணுது அம்மிணி."

"ஊரு சாமிய ஏமாத்துதுன்னா நானும் ஏமாத்தோணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. எழுந்து போய்ப் பட்சித் தட்டை எடுத்து, ஜன்னலருகே பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணாலேயே பார்த்தாள். "அப்பக் கண்ணுல ஒண்ணுமில்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"பதினேழாவது வரிசையில."

அவள் விரல் மடக்கி எண்ணினாள். பதினேழு, பதினெட்டு என்று இருபத்தாறு வரை. இந்த முறை லாபம் சொல்லவில்லை. "பத்து வரிசை. அஞ்சு நாளு."

"ஆமா."

"நூலு கோத்துக் குடுத்தீங்களே, அப்பத் தெரியும்."

"தெரியும்."

"செவுத்தப் புடிச்சுட்டு எறங்கினேனே."

எனக்கு மூச்சு முட்டுகிற பயம் என்று சொல்ல நினைத்தேன். அதை அவளுக்கு எதிராக வைக்க என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

"கீழ போவோணும்னா, போவோணும்னு சொல்லோணுமுங்க" என்றாள். "எங்கண்ணப் புடுங்கிட்டா கூட்டிட்டுப் போவாங்க?"

தட்டையும் ஊசியையும் என் முன்னால் வைத்தாள். "நெம்பி எடுங்க. பதிமூணுல இருந்து இருவத்தாறு வரைக்கும். நீங்கதான்."

பதினான்கு வரிசை, நானூற்று நாற்பத்தெட்டு நொய். பதிமூன்றாவது வரிசை நட்டு ஏழு நாள் ஆகியிருந்தது. மாவு பாதி இறுகியிருந்தது. ஊசியால் நெம்பி, மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, துணியில் உலர்த்தி, நிறவாரியாகப் பிரிக்க வேண்டும். மூன்று நாள் ஆயிற்று. முதுகு கூன் போட்டதுபோல் வளைந்துகொண்டது. இருபத்து மூன்று நொய் என் கையில் உடைந்தது. காப்பியும் சிவப்பும் எனக்குக் கலந்து கலந்து போயின. அவள் மூடியை எட்டிப் பார்த்து, காப்பி மூடியிலிருந்து ஆறு சிவப்பை எடுத்து அதன் மூடியில் போட்டாள். அந்த மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியது மொத்தம் நாற்பத்தொரு சொல். அதில் ஒன்பது, "சாப்புடுங்க."

நான்காவது நாள் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, "படிங்க" என்றாள்.

"வானம் பதினொன்று" என்றேன். லாபத்தை இனி விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் ஒரு நொய்யை எடுத்தாள். "லாபம்" என்று சொல்லி, அதைத் தட்டில் நடாமல், பக்கத்தில் வைத்திருந்த காலித் தைல டப்பியின் மூடியில் போட்டாள். பிறகு, "ஒண்ணு" என்று தட்டுக்குப் போனாள். கடைசி நொய் தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

அப்படியே ஒவ்வொரு வரிசைக்கும் மூடியில் ஒன்று போட்டாள். ஒரு நாள் மூட்டம் விலகவே இல்லை. இன்னொரு நாள் பாய் கொடுத்த மயில்கழுத்து வளையலை உருக்கி இறக்கைக்குப் புது இழை இழுப்பதில் வெளிச்சம் போய்விட்டது. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது நாற்பதாவது வரிசை முடிந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மகன் வந்தான். வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தட்டிடம் போனான். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கதவச் சாத்துங்கம்மா, பறந்துரும்" என்றான்.

அவள் உள்ளே காப்பி வைக்கப் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "இப்ப என்னுங்கப்பா பண்றது? ஊட்டுக்காரருக்கு இன்னிக்குச் சொல்லோணும்."

"வேண்டாம்னு சொல்லிரு."

"நீங்கதான போவோணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் போவோணும்னுதான் இருக்குது. ஆனா பட்சி கோணல கண்ணு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சிக்னல் கிடைக்கிற பலாமரத்தடிக்கு எங்கள் வாசலிலிருந்து முப்பத்தெட்டு காலடி. அவன் இருபத்தொன்பதில் போய்விட்டான். காப்பியோடு வந்தவள் அவன் முதுகைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் சர்க்கரை போடாத டம்ளரைத் தந்துவிட்டு, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டாள். நொய்யை நெம்பச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மாவு இறுகி, தேய்த்து, மெழுகு போட்டுப் பளபளப்பாக்க மேலும் ஒரு மாதம் ஆனது. பாய் வந்து வாங்கிக்கொண்டு போனார். "மூஞ்சி தெளிஞ்சிருச்சே வாத்தியாரே, கக்கிட்டீங்களா?" என்றார். அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டாள். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.

அந்த மூடி சாமிப் படத்தட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருபத்தெட்டு நொய். இருபத்திரண்டு வானம், பட்சி உட்கார்ந்த கிளையின் நிறத்தில் ஆறு. இதை என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு முறை கேட்டேன். "அது கணக்குல இல்லீங்க. தொடாதீங்க" என்றாள். தொடுவதில்லை. காலையில் திருநீறு பூசும்போது பார்வையாலேயே எண்ணுவேன். அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

முந்தாநாள் எண்ணியபோது இருபத்தேழு இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன், இருபத்தொன்பது. மூடியை ஜன்னலுக்கு எடுத்துப் போய் ஒன்பது மணி வெளிச்சத்தில் எண்ணினேன். வானமும் கிளையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. காப்பியும் சிவப்பும் கலந்துபோன அந்த மூன்று நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூடியை எடுத்த இடத்தில் வைத்தேன். அடுத்த பட்சிக்குக் கட்டம் வரையச் சொல்லி அவள் கிராப் தாளைக் கொடுத்திருக்கிறாள். அது மேசைமேல் கிடக்கிறது. தாளின் சின்னக் கோடுகள் எனக்கு இப்போது தெரிவதில்லை. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் ஆகிறது.